கடவத்துக்கு ஒரு கை

மீன் தின்கிறவர்களுக்கு அது எப்படி வீட்டு நடைக்கு வந்து சேர்கிறது என்ற கவலை கிடையாது. அது என் கழுத்தின் மேல் ஏறி வந்தது. கடியப்பட்டணம் கரையிலிருந்து இரணியலுக்கு அந்தப் பக்கத்து ஊர்கள் வரைக்கும், மணலும் வரப்புமாக, ஓட்டமும் நடையுமாக, பனையோலைக் கடவத்துக்குள் படுத்துக்கொண்டு என் தலையை அமுக்கியபடி ராஜா மாதிரி வரும். வழியெல்லாம் அதன் தண்ணீர் என் காதோரம் வடியும். என் பெயர் கித்தேரியம்மாள். கரையில் கித்தேரி என்பார்கள். உள்நாட்டில் ‘ஏட்டி, மீன்காரி’ என்பார்கள். எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கழுத்து திரும்பிய காலம் வரை.

கடவத்தைத் தலையில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். கரையில் அதற்குப் பஞ்சமில்லை. இறக்குவது மட்டும் எங்கள் வேலை. விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலை மடக்கி, கழுத்தை ஒரு பக்கம் சரித்துவிட்டால் கடவம் தோளுக்கு வரும், தோளிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து தரைக்கு. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. உள்நாட்டுப் பெரிய வீடுகளில் மீன்கடவத்தை யாரும் தொடமாட்டார்கள் என்பதால் எங்கள் அம்மாமார் தாங்களே கண்டுபிடித்த வித்தை அது. மீனைத் தொடுவார்கள், அரிவார்கள், தேங்காயும் புளியும் அரைத்து விட்டு விரலை நக்குவார்கள். கடவம் மட்டும் தீட்டு, ஏனென்றால் நான் தொட்டது. மீனையும் நான்தானே தொட்டேன் என்று ஒருமுறை கேட்டேன். மீனைக் கழுவிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

ஓர் ஆடிச் சாரலில் வாய்க்கால் ஒன்றைத் தாண்டும்போது பனந்தடிப் பாலம் வழுக்கியது. நான் தலைகுப்புற விழுந்தேன். கடவம் என்னை விட்டுப் போகவில்லை. வாய்க்கால் கரையில் என் தலை மோதிய பிறகு பொறுமையாக என் பிடரியின் மேல் வந்து உட்கார்ந்தது. சாளை மீன் முழுவதும் வாய்க்காலோடு போயிற்று. உயிரோடு இருந்திருந்தால் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போயிருக்கும்.

வீட்டுக்காரர் மரியசூசையும் அவர் தம்பியும் என்னைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வைகுண்டராஜன் ஆசானிடம் போனார்கள். எலும்பு முறிவுக்கும் வர்மத்துக்கும் அந்தப் பக்கத்தில் அவரை விட்டால் ஆள் இல்லை. மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கரு தடவிக் கழுத்தைக் கட்டிப் போட்டார். கட்டு அவிழ்த்த அன்று தலை நேராக நின்றது. இடப்பக்கமும் வலப்பக்கமும் மட்டும் திரும்பவில்லை. விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போல இருந்தது.

“எலும்பு சேந்தாச்சு,” என்றார் ஆசான். “ஆனா நரம்பு இடையில நசுங்கி நிக்கு. இனி தலையில சுமடு வைக்காத.”

“வைக்காம கஞ்சி எப்பிடி குடிக்கியது ஆசானே?”

அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். “நேரா நிக்கிய சுமடு கொஞ்ச காலம் நிக்கும். ஆனா கழுத்த ஒரு பக்கம் சரிச்சு எறக்கினியோ, அன்னைக்கே ரெண்டு கையும் செத்துப்போவும். பெறவு ஒனக்கு சோறு வாரிக் குடுக்க ஆளு வேணும், கேட்டியா.”

எனக்கு அப்போது வந்த பயம் சாவுக்குக்கூட வந்ததில்லை. செத்தால் கல்லறையில் வைத்துவிடுவார்கள். கை செத்தால்? சிலுவை போட்டுக்கொள்ளக்கூட அடுத்தவளைக் கூப்பிட வேண்டும். அழுதேன். பிறகு, இறக்குவதற்குத்தானே ஆள் வேண்டும், ஒரு கை எங்கேயும் கிடைக்காமலா போகும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். உலகத்தைப் பற்றி நல்லபடியாக நினைத்ததுதான் நான் செய்த தப்பு.

மரியசூசை கடலுக்குப் போகிறவர்தான், சோம்பேறி இல்லை. ஆனால் கரையில் கிடக்கும் மீன் மீன்தான், சோறு ஆகாது. பெண் சுமந்துகொண்டு போய் விற்றால்தான் அது சோறாகும். எங்களில் ஒருத்தியின் வாடிக்கை வீட்டு நடையில் இன்னொருத்தி கால் வைக்கமாட்டாள். நான் படுத்துக் கிடந்த காலத்தில் என் வீடுகளுக்கு மதலேனாள் மீன் கொண்டுபோய், ‘கித்தேரி வந்திருவா, கித்தேரி வந்திருவா’ என்று சொல்லிச் சொல்லிக் காத்துவைத்தாள். என்னோடு ஒன்றாகக் கோயிலில் முதல் நன்மை வாங்கியவள், நாலு பிள்ளை பெற்றவள், அவளுக்கும் தனி வாடிக்கை உண்டு. எத்தனை நாள் ஓடுவாள்? மார்கழி பிறந்ததும் நானே சும்மாடு சுற்றினேன்.

சின்ன வீடுகளில் ஒரு குறையும் இல்லை. பனையேறி வீட்டு ஞானபாய், அடுப்பில் பதநீர் கொதித்துக்கொண்டிருந்தாலும் அகப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பிடிப்பாள். துலுக்கத் தெருவில் சைனப் பீவி, “அல்லாவே, இந்தக் கழுத்த வச்சிட்டா வாறே நீ?” என்று திட்டிக்கொண்டே இறக்குவாள். ஆனால் இவர்கள் வாங்குவது ஒரு கைச் சாளை, ஒரு கை நெத்தலி. நெய்மீனும் விளைமீனும் எடுக்க ஒரே ஒரு வீடுதான். அது தாணுமாலயப் பெருமாள் பிள்ளையின் வீடு.

அந்த வீட்டம்மாள் பகவதியம்மாள். குணத்தைக் குறை சொல்லிவிட முடியாது. பசித்து நின்றால் பழங்கஞ்சி ஊற்றுவாள், உயரத்திலிருந்து. விழுந்த கதையைக் கேட்டுக் கண் கலங்கி, கழுத்தில் தேய்க்கக் குழம்புத் தைலம் ஒரு குப்பி கொடுத்தாள், தரையில் வைத்து. அந்த வீட்டில் முற்றம் பெருக்குகிற இசக்கி என்னைப் போலவே வெளியே நிற்கிறவள். அவள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு என் கடவத்தைப் பிடித்து இறக்குவாள். இசக்கி இருக்கிறவரைக்கும் எனக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு வழக்கும் இல்லை.

அது ஊரெல்லாம் கூட்டம் நடந்த வருஷம். தமிழ் பேசுகிற தாலுகா எல்லாம் மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று பிள்ளையும் மேடை ஏறினார். சந்தை மைதானத்தில் நானும் ஒருநாள் தூரத்தில் நின்று கேட்டேன். “கடல்கரையில் இருப்பவனும் வயல்கரையில் இருப்பவனும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்” என்றார். நல்ல கணீரென்ற குரல். என் பக்கத்தில் நின்ற மதலேனாள், “அப்பம் நம்ம அண்ணன் வீட்டுல இனி உள்ள போயி இருக்கலாம் மக்கா,” என்றாள். கழுத்து அசையாமல் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

தை மாதத்தில் பிள்ளையின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மறுவீட்டு விருந்துக்கு மருமகன் வருகிறான், பெரிய நெய்மீன் வேண்டும் என்று பகவதியம்மாள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். மரியசூசை அதற்காகவே தூரக் கடலுக்குப் போய், என் இடுப்பளவு நீளத்தில் ஒன்று கொண்டுவந்தார். அதோடு விளைமீனும் சேர்ந்து கடவம் நிறைந்தது. தலையில் ஏற்றியபோதே பிடரியில் சுரீர் என்றது. இறக்கி வைத்துவிட்டுச் சின்ன மீன் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று, மருமகன் விருந்து, அம்மாளின் முகம் வாடும் என்றெல்லாம் நினைத்தேன். என் புத்தியை எதால் அடிப்பது?

பிள்ளை வீட்டுப் பின்வாசலுக்குப் போய்ச் சேரும்போது வலது கை முழங்கை வரை மரத்திருந்தது. கடவத்தின் விளிம்பைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதை அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது.

“இசக்கீ,” என்று கூப்பிட்டேன்.

பகவதியம்மாள்தான் வந்தாள். குளித்து, ஈரத் தலையில் பிச்சிப்பூ வைத்து, கோடிப் புடவை உடுத்தியிருந்தாள். “வந்தியா? உனக்காகத்தான் பாத்துட்டு இருக்கேன். எறக்கு, எறக்கு.”

“இசக்கி எங்க அம்மா?”

“பாத்திரமெல்லாம் தேய்க்க ஆத்துக்கு அனுப்பியிருக்கேன். அண்டா, உருளி எல்லாம் கெடக்கே. இப்பம் வரமாட்டா. நீயே எறக்கு.”

“எனக்க கழுத்து அம்மா… சரிக்கக் கூடாதுன்னு ஆசான் சொல்லியிருக்காரு. ஒரு கை பிடிச்சா போதும்.”

அவள் ஓரடி பின்னால் போனாள். எனக்கு நன்றாகத் தெரிந்தது. “ஐயோ, நான் குளிச்சாச்சேட்டி. மாப்பிள வந்ததும் விளக்கு எடுக்கணும். பைய எறக்கு. ஒண்ணும் ஆவாது.”

“ஆனா கை செத்துப்போவும் அம்மா.”

“அப்பிடியெல்லாம் வாயில சொல்லப்பிடாது,” என்றாள். அவ்வளவு கரிசனம்! பிறகு உள்ளே திரும்பி, “இஞ்ச ஒண்ணு வாங்க,” என்று குரல் கொடுத்தாள்.

பிள்ளை வெள்ளைக் கதர் ஜிப்பாவோடு நடைக்கு வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டார். கேட்டு, ஒரு குழந்தை ஏதோ தெரியாமல் பேசிவிட்டது போலச் சிரித்தார்.

“ஏமானே, கண்ணு இருட்டுது. ஒரு கை பிடியுங்க,” என்றேன்.

“ஏட்டி கித்தேரி, இன்னைக்கு வீட்டுல என்ன விசேஷம்னு தெரியாதா? நான் மீன்கடவம் எறக்கினதா சம்பந்தி வீட்டுல கேட்டா என்ன நெனைப்பா? செத்த நேரம் நில்லு. வயல்ல ஆளு நிக்கி, சொல்லி அனுப்புகேன்.”

யாரையும் அனுப்பியதாகத் தெரியவில்லை. உள்ளே போனார். பகவதியம்மாள் தூணோரமாக நின்று என்னையே பார்த்தாள். அவள் முகத்தில் இரக்கம் இருந்தது, அதை மறைக்கமாட்டேன். அந்த இரக்கத்தைத்தான் என்னால் பொறுக்கமுடியவில்லை. நாலு வார்த்தை திட்டிவிட்டுக் கடவத்தைப் பிடித்திருந்தால் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன்.

“கொஞ்சம் தண்ணி தரட்டா?” என்றாள்.

தலையில் ஒரு ஆள் பாரம், கழுத்தில் தீ. தண்ணீர் எப்படிக் குடிப்பேன், எந்தக் கையால் வாங்குவேன்? இடது கையும் இப்போது என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. திரும்பி நடந்து சைனப் பீவி வீடு வரை போக முடியாது, வழியிலேயே கடவம் சரியும். சரிந்தால் கழுத்தையும் இழுத்துக்கொண்டுதான் சரியும். இங்கேயே நின்றாலும் அதுதான். தரையில் முழங்கால் போட்டால், தலையிலிருந்து தூக்கிக் கீழே வைக்கப் பலமுள்ள கை வேண்டும். அதுதான் இல்லையே. தலை உயரத்துக்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். கழுத்து திரும்பாததால் உடம்போடு சேர்ந்து செக்குமாடு போலச் சுற்றினேன்.

கிணறு இருந்தது. நல்ல அகலமான சுற்றுச்சுவர், கருங்கல் பாவியது. நான் முழங்காலில் நின்றால் என் தலைக்கும் அதற்கும் ஒரே மட்டம்.

அந்தக் கிணற்றுப் பக்கம் நான் போகக்கூடாது என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த நாள் முதல் தெரியும். ஆனால் என் கை இரண்டும் எனக்கு வேண்டியிருந்தது. நடந்து போனேன். கோயிலில் முட்டுக்குத்திப் பழகிய கால்கள், பைய மடங்கின. கடவத்தின் முன்பக்கம் சுவரின் மேல் ஏறியது. மரத்துப்போன கைகளை நம்பாமல் மணிக்கட்டால் முட்டுக்கொடுத்துத் தள்ளி, தலையை நேராகப் பின்னுக்கு இழுத்தேன். பாரம் இறங்கியது.

அந்த ஒரு நிமிஷத்தை என்னவென்று சொல்ல? மூச்சு வந்தது. வானம் தெரிந்தது. ‘மாதாவே’ என்று வாய்விட்டுச் சொன்னேன்.

“ஐயோ பாவி! கெணறு! கெணறு!”

பகவதியம்மாள் ஓடிவந்தாள். கோடிப் புடவை தடுக்க, பிச்சிப்பூ உதிர, அந்த வயதில் அப்படி ஓடுவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்த வேகத்தில் என் கடவத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தாள். மீன்தண்ணீர் அவள் மார்பில் ஒழுகியது. ஒரு பிடியில் தூக்கி, ஒரு சொட்டு கிணற்றுக்குள் விழாமல், அலுங்காமல் தரையில் இறக்கி வைத்தாள். நெல் குத்தி வளர்ந்த உடம்பு, அவளுக்கு அது ஒரு பாரமே இல்லை.

நான் முழங்காலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவுதான் வேலை. ஒரு கை கேட்டேன், கிடைக்கவில்லை. கிணற்றுக்கு என்றதும் இரண்டு கையும் வந்தது.

பிறகு அவளுக்குத் தான் செய்தது உறைத்தது. கைகளைத் தூரப் பிடித்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். பாவமாகக்கூட இருந்தது. “புளி போட்டுத் தேயுங்க அம்மா, வாசம் போயிரும்,” என்றேன். உண்மையாகவே வழிதான் சொன்னேன். ஆனால் என் குரலில் என்ன இருந்ததோ, அவள் அழத் தொடங்கினாள்.

பிள்ளை ஓடிவந்து சத்தம் போட்டார். தாய் வயிற்றுப் பிள்ளை என்று மேடையில் சொன்ன அதே கணீரென்ற குரல். இனி இந்த நடையில் கால் வைத்தால் காலை முறிப்பேன் என்றார். கழுத்து போயிற்று, கை போகப் பார்த்தது, காலையும் பாக்கி வைப்பானேன் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. அந்த நேரத்தில் இசக்கி அண்டாவோடு வந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து தண்ணீர் வாங்கி நெய்மீனைக் கழுவி அரியச் சொல்லி அவளுக்கு உத்தரவாயிற்று. கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்ய ஆள் சொல்லப்பட்டது. ஆனால் மருமகன் வருகிற வேளையில் அந்த மாதிரி மீனுக்கு எங்கே போவார்கள்? கிணறுதான் தீட்டு. மீனில்லை.

காலிக் கடவத்தை என் இடுப்பில் தூக்கிவைக்கும்போது இசக்கியின் கண் நிறைந்திருந்தது. “நான் இருந்திருந்தா இப்பிடி வந்திருக்காதே அக்கா.”

“நீ இருந்திருந்தா அந்த அம்மாவ நான் இன்னும் நல்லவளுன்னு நெனச்சிட்டே இருந்திருப்பேன். போ ஏட்டி, போய் மீன அரி.”

கோபத்தை அவள் மேல் காட்டியிருக்கக் கூடாது. யார் மேல் காட்டுவது?

சேதி தெருவெல்லாம் பரவி, அந்த ஊரில் மற்ற வீடுகளும் எனக்கு அடைபட்டுப்போயின. கிணற்றைத் தொட்டவளிடம் மீன் வாங்கினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? சின்ன வீட்டு வியாபாரத்துக்காக அவ்வளவு தூரம் நடந்து கட்டுப்படியாகவில்லை. இப்போது கரையில் கருவாடு காயப்போடுகிற இடத்தில் உட்கார்ந்து மீன் கீறுகிறேன். வெயில் மண்டையைப் பிளக்கும். குனிந்தே இருப்பதால் பிடரியில் வேறு விதமான வலி. கை இரண்டும் இருக்கின்றன, கத்தி பிடிக்கின்றன.

பிள்ளை வீட்டு வாடிக்கையை மதலேனாள் எடுத்துக்கொண்டாள். நான்தான் எடுக்கச் சொன்னேன், வேறு யாருக்கோ போவதற்குப் பதில் அவளுக்குப் போகட்டும் என்று. முதல் நாள் போய்விட்டு வந்தவள் நேராக என்னிடம் வந்து மணலில் உட்கார்ந்தாள். 

“என்னட்டி? மீன் எடுத்தாளா?”

“எடுத்தா. ஆனா கடவத்த எறக்குறதுக்கு முன்ன அந்த அம்மா ஒண்ணு கேட்டா.”

“என்ன கேட்டா?”

“‘ஒனக்குக் கழுத்துக்கு ஒண்ணும் இல்லியே?’ன்னு கேட்டா.”

என் கையில் கத்தி நின்றது. “நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். நல்லா சரிச்சு எறக்கிக் காட்டினேன்.” அவள் கடலைப் பார்த்துக்கொண்டு இடது தோளுக்கு மேலே விரலை வைத்து அழுத்தினாள். “கித்தேரி, எனக்கும் கொஞ்ச நாளா இந்தப் பக்கம் இழுக்கு மக்கா. காலையில எழும்பினா விரலெல்லாம் எறும்பு ஊருது.”

ஆசானிடம் போ என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். ஆசான் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு நாலு பிள்ளைகள் என்பதும் தெரியும்.

“ஒருத்தர்ட்டயும் சொல்லிராத,” என்றேன்.